ராசாத்தியின் வெட்கம்

ஜூன் 16, ஞாயிறு

இன்று அவிநாசி ரோட்டு மண்டபத்தில் ரிசப்ஷன். எண்ணூறு பேருக்குக் குறையாது. அதில் பாதிப் பேர் மேடை ஏறும் முன் என்னிடம்தான் வந்தார்கள். மணமகளின் தாய்மாமனே மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ராசாத்தியோடு போட்டோ எடுக்க வரிசையில் நின்றார்.

ராசாத்தி ஆப்பிரிக்கப் பாம்பு. நாலடி நீளம், என் முன்னங்கைத் தடிமன். காப்பிக்கொட்டை நிறத்து உடம்பில் சந்தனத் திட்டுகள். விஷம் கிடையாது. கல்யாண டெக்கரேஷன் செய்கிற என் தம்பி லோகு இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கி வந்தான். வனத்துறைக் காகிதமெல்லாம் அவன் பெயரில்தான். ஆனால் தொடுவதற்கு ஆள் வேண்டுமே. அவன் இன்றுவரை அதன் வாலைக்கூடத் தொட்டதில்லை. வாங்கி வந்த அன்று எல்லோரும் கட்டில்மேல் ஏறி நின்றார்கள், நான் ஒருத்திதான் போய்த் தூக்கினேன். அதனால் பாம்பும் அதன் கண்ணாடிப் பெட்டியும் என் வீட்டில் இருக்கின்றன. வாரநாளில் நான் பனியன் கம்பெனிகளுக்கு நூல் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவள். முகூர்த்த நாளில் பாம்பக்கா. ஜெயக்கொடி என்ற பெயர் பலருக்கு மறந்தே போயிருக்கும்.

வெட்கப்படுகிற வித்தை நானே கண்டுபிடித்தது. தலையில் விரலால் இரண்டு தட்டு. அவ்வளவுதான், தலையை நடுவில் வைத்து உடம்பையெல்லாம் சுற்றிப் பந்தாகிவிடும். "ராசாத்திக்கு வெக்கம் வந்துருச்சுங்க" என்பேன். கூட்டம் சிரிக்கும். அந்தப் பந்தை மணமகளின் இரண்டு கையிலும் வைப்பேன், கேமராக்கள் பளிச்சிடும். இன்று நாற்பது தடவையாவது வெட்கப்பட்டிருக்கும். வாசலில் பன்னீர் தெளித்த அம்மாள் ராசாத்திக்கும் தெளித்தார். மரியாதைதானே.

நீலப் பட்டு கட்டியிருந்தேன். நன்றாக இருக்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள்.

ஜூன் 17, திங்கள்

ராசாத்தி இந்த வாரமும் எலியைத் தொடவில்லை.

ஜூன் 21, வெள்ளி

இன்றும் தின்னவில்லை. இது ஐந்தாவது வாரம். கோயம்புத்தூரிலிருந்து உறைய வைத்து வருகிற வெள்ளெலி. ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மேலே "தொடாதே" என்று எழுதி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே ஆட்டினேன். ராசாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெட்டியில் பச்சை, ஊதா, சிவப்பு என்று கலர் லைட் இருபத்துநாலு மணி நேரமும் எரிகிறது. பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறது. லோகு ஆள் வைத்துச் செய்தது. இதைவிட வேறென்ன வேண்டும் இதற்கு?

பிடிவாதம் பிடிக்கட்டும். இந்தக் குடும்பத்தில் என்னைவிடப் பிடிவாதக்காரி இன்னும் பிறக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

பெரியப்பா மகன் சென்னியப்பண்ணன் போன் செய்தார். அவர் மகளுக்குக் கல்யாணம், ஆகஸ்ட் முப்பது முகூர்த்தம், முந்தின நாள் மாலை ரிசப்ஷன். என் புருஷன் இறந்த இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"பாம்பக் கொண்டாந்துரு கண்ணு. மேடைக்குப் பக்கத்துலயே உனக்கு எடம் போடச் சொல்றேன்" என்றார்.

வருகிறேன் என்றேன். லோகு கல்யாணம் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யவேண்டிய இணைச்சீரை, கூடப்பிறந்த நான் இருக்கும்போதே சென்னியப்பண்ணனின் தங்கை வசந்தாமணி அக்கா செய்தார். புருஷன் இல்லாதவள் செய்யக்கூடாதாம். நான் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். "ஜெயக்கொடிக்குக் கூச்சம், கூட்டத்துக்கெல்லாம் வரமாட்டா" என்று வசந்தாமணி அக்கா யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. அதெல்லாம் பழைய கதை.

புதுப் பட்டு எடுக்க வேண்டும். மாம்பழ நிறம் எனக்குப் பொருந்துமா தெரியவில்லை.

ஜூலை 3, புதன்

ரிசப்ஷன் மண்டபத்தில் ஏசி குளிர் தாங்க முடியவில்லை. நானே முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். ராசாத்தி நிறைய நேரம் பந்தாகவே இருந்தது, தட்ட வேண்டிய வேலையே இல்லை. சாது என்றால் அப்படிச் சாது.

ஜூலை 7, ஞாயிறு

மூச்சு விடும்போது கீச்சென்று சத்தம் வருகிறது. வாயோரம் நுரை.

ஜூலை 8, திங்கள்

தலையணை உறையில் ராசாத்தியைப் போட்டு, முடிச்சுப் போட்டு, கூடையில் வைத்து, கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். கூடையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். துணி என்றேன். துணி ஒரு தடவை நெளிந்தது. அதற்குப் பிறகு டிக்கெட் கொடுக்கவும் அவர் என் பக்கம் வரவில்லை, நானே எழுந்து போய் வாங்கினேன்.

பாம்பு பார்க்கிற டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. மார்பில் குழாயை வைத்துக் கேட்டாள், வாயைத் திறந்து பார்த்தாள். குளிரில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம். மூன்று நாளைக்கு ஒரு ஊசி, நானே போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நானும் பெருமையாக வித்தையைச் செய்து காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "இது வெக்கமில்லீங்க, பயம். யாரோ கொல்ல வர்றாங்கன்னு நெனச்சாத்தான் தலைய உள்ள வெச்சுச் சுத்திக்கும். உடம்புல எங்க அடிபட்டாலும் தலை தப்பட்டும்னு."

எலி வளையிலும் கறையான் புற்றிலும் ஒளிந்து வாழ்கிற சாதி அது, வெளிச்சத்தில் வைத்தால் எப்படித் தின்னும் என்றும் கேட்டாள். ஒளிந்துகொள்ள ஒரு இடம் கொடுங்கள், கண்ணாடியை மூடுங்கள், ஆள் கையில் கொடுக்காதீர்கள் என்றாள்.

இரண்டு வருஷமாக நான் வளர்க்கிறேன். அரை மணி நேரம் பார்த்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை நான். பேச ஆளும் இல்லை என்பது வேறு.

ஜூலை 11, வியாழன்

இரண்டாவது ஊசி. எனக்குக் கை பழகிவிட்டது. அதன் உடம்புக்குத்தான் பழகவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஆனியின் கடைசி முகூர்த்தம். வரமுடியாது, காய்ச்சல் என்று லோகுவிடம் சொன்னேன். பாம்புக்குக்கூடக் காய்ச்சல் வருமா என்றான். எனக்கு என்றேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. இனி ஒரு மாதம் மண்டபங்களுக்கு ஓய்வு.

ஒரு முடிவு செய்திருக்கிறேன். அந்த டாக்டர் பெண் சொன்னதையெல்லாம் வரி விடாமல் செய்வேன். ஒன்றும் ஆகவில்லை, நீ சொன்னது தப்பு என்று அவளுக்குப் போன் போட்டுச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் எனக்கு மறுவேலை. கலர் லைட்டைப் பிடுங்கினேன். பிளாஸ்டிக் புல்லை எடுத்துவிட்டுத் தேங்காய் நார்த்தூள் பரப்பினேன். வாய் உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். பெட்டியின் மூன்று பக்கமும் பழைய சேலையால் மூடினேன்.

ராசாத்தி நாக்கை நீட்டி நீட்டிச் சட்டியைச் சுற்றி வந்தது. பிறகு உள்ளே போனது. நான் தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். வெளியே வரவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஐந்து நாளாகச் சட்டிக்குள்ளேயே இருக்கிறது. நான் வளர்ப்பது பாம்பா, சட்டியா? பிசிறு வெட்டிக்கொண்டே பெட்டியைப் பார்க்கிறேன். சட்டி தெரிகிறது. நல்ல சட்டி.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. எதிர்வீட்டு மாரக்காள் பாலும் மஞ்சளுமாக வந்துவிட்டார். போன வருஷம் இதே நாளில் இருபது பெண்கள் வந்து கண்ணாடிக்குக் கற்பூரம் காட்டினார்கள், நான் பக்கத்தில் பூசாரி மாதிரி நின்றேன். இன்று சேலையை விலக்கமாட்டேன் என்றேன். பாம்பு பால் குடிக்காது என்றும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. பாவமாக இருந்தது, அந்தப் பாலிலேயே காப்பி போட்டேன். இருவரும் குடித்தோம். போகும்போது, பார்க்கக் கிடைக்காத சாமிக்குத்தான் சக்தி அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூச்சில் சத்தம் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தெருவே ஆற்றுக்குப் போய்விட்டது. வீட்டில் விளக்குப் போடாமல், சாயங்கால வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சட்டியின் உடைந்த வாயில் மூக்கு நுனி தெரிந்தது. நான் அசையவில்லை. நாக்கு வந்து போனது. பிறகு தலை, கழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு. அவசரமே இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் தாடையை வைத்துக் குடித்தது. குடிக்கும்போது தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. பெட்டியை ஒரு சுற்று வந்து ஒவ்வொரு மூலையையும் முகர்ந்தது. முழு நீளமும் நீட்டிக்கொண்டு போனது. நாலடி என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், முழுதாக நீட்டி நான் பார்த்ததே இல்லை. நாலரை இருக்கும்.

இரண்டு வருஷத்தில் அது தண்ணீர் குடித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் தண்ணீர் மாற்றக் கையை விட்டேன். ராசாத்தி வெளியே படுத்திருந்தது. பழக்கதோஷம், விரல் தானாக நீண்டது. நான் தட்டவில்லை. விரலை நீட்டினேன், அவ்வளவுதான். தலையை வெடுக்கென்று இழுத்து, ஒரே நொடியில் பந்தாகிவிட்டது. உடம்பு கல் மாதிரி இறுகியிருந்தது. நான் அந்தப் பக்கம் போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவிழ்ந்தது.

ஒரு ரிசப்ஷனுக்கு நாற்பது தடவை. இரண்டு வருஷம். ஒவ்வொரு தடவையும் செத்தோம் என்று நினைத்திருக்கிறது. நான் மைக் இல்லாத குறையாக வெட்கம் வெட்கம் என்று கூவியிருக்கிறேன். கூச்சம் என்று என்னைச் சொன்னவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ராசாத்திக்கு நான் செய்ததும் அதேதான். பாவி நான்.

இன்று பிசிறு வெட்டவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கண் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. பயந்து டாக்டருக்குப் போன் செய்தேன். தோல் உரிக்கப் போகிறது, பக்கத்தில் போகாதீர்கள் என்றாள். போகவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தோலை உரித்துவிட்டது. மூக்கிலிருந்து வால்வரை கிழியாமல் ஒரே உறை. இதற்கு முன் துண்டு துண்டாகத்தான் உரியும், ஈரத்துணியால் நான் பிய்த்து எடுப்பேன். கண்ணை மூடியிருந்த வட்டம்கூட அந்த உறையில் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தேன். லோகுவுக்குத் தெரிந்தால் ஃபிரேம் போட்டு மண்டபத்தில் மாட்டுவான். அவனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

நேற்று மாலை எலியைச் சட்டி வாசலில் வைத்து, சேலையை இறக்கிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மாரக்காள் வீட்டுக்குப் போய் டிவி பார்த்தேன். இன்று காலை எலி இல்லை. சட்டிக்குள் ராசாத்தி வயிறு உப்பிப் படுத்திருந்தது.

பதின்மூன்று வாரம். என் கண்ணால் பார்க்காமலே தின்றது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறதோ.

டாக்டருக்குப் போன் போட்டு, நீங்கள் சொன்னது சரி என்றேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்தாகிவிட்டது. லோகு தேதிகளோடு வந்தான். இனி வராது என்றேன். விளையாடாதே என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

லோகு மறுபடி வந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சென்னியப்பண்ணன் பத்திரிகை வைக்கிற இடத்திலெல்லாம் பாம்பைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாராம். சளி தீர்ந்தது, எலியும் தின்றாகிவிட்டது, பிறகு ஏன் என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. நோய் என்றால் ஒரு சாக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அதற்குப் பிடிக்கவில்லை, அதனால் வராது என்றேன். பாம்புக்குப் பிடிப்பது பிடிக்காதது உனக்கு எப்படித் தெரியும் என்றான். இரண்டு வருஷம் தெரியாமல்தான் இருந்தேன் என்றேன்.

அப்போது அவன் சொன்னான். "அந்தப் பாம்பு இல்லாட்டி உன்னைய எவங்க்கா கல்யாணத்துக்குக் கூப்புடுவான்?"

சொன்னதும் அவனுக்கே முகம் செத்துவிட்டது. அது உண்மை. அந்தக் கூட்டத்தின் நடுவே நிற்பதற்காகத்தான் இரண்டு வருஷம் அதை நான் தட்டினேன். இதை எனக்குள்கூட நான் சொல்லிக்கொண்டதில்லை.

காகிதம் தன் பெயரில் இருக்கிறது, எடுத்துப்போய் வேறு ஆளிடம் கொடுப்பேன் என்றான், குரல் இறங்கியிருந்தாலும். நான் சேலையை விலக்கிப் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

"உன்றதுதான் லோகு. சட்டிக்குள்ள கைய உட்டு எடுத்துக்க."

ஐந்து நிமிஷம் நின்றான். கையைச் சட்டைப்பையில் விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான். சட்டிக்குள் ராசாத்தி புரண்ட சத்தம் கேட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 28, புதன்

மாம்பழ நிறப் பட்டு தைக்கக் கொடுத்த ரவிக்கையோடு வந்தது. கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது.

ஒரே ஒரு நாள்தானே என்று தோன்றியது. தட்ட மாட்டேன், யார் கையிலும் கொடுக்க மாட்டேன், சும்மா தோளில் போட்டுக்கொண்டு நின்றால் போதும். தலையணை உறையைக்கூட எடுத்து உதறிவிட்டேன். பெட்டிக்கு முன் போய் நின்றேன். சட்டி வாயில் மூக்கு தெரிந்தது. நாக்கு மெதுவாக வெளியே வந்தது. என் வாசனை இப்போது அதற்குப் பழகியிருக்கிறது, ஓடி ஒளியவில்லை. உறையைத் தலையணைக்கே போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ரிசப்ஷன். போகவில்லை. போன் பதினேழு தடவை அடித்தது. லோகு இரண்டு முயலைக் கொண்டுபோய் நிறுத்தினானாம், மாரக்காள் மகள் போட்டோ காட்டினாள். முயல்களைப் பற்றி அவனிடம் தனியாகப் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலை நாலரைக்கு எழுந்து தலைக்குக் குளித்தேன். மாம்பழ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டேன். ஆறு மணிக்கு மண்டபத்துக்குப் போய்விட்டேன். ரிசப்ஷனுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு வா என்று யாரும் சொல்லவில்லை, என் மாதிரி ஆட்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு வசந்தாமணி அக்கா நின்றார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளையும் கையையும்தான் பார்த்தார்.

"பாம்பு எங்க ஜெயக்கொடி?"

"அது வராதுங்க்கா. நான் வந்திருக்கறேன்."

பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். குரலைத் தணித்து, சமையல்கட்டில் காய் நறுக்க ஆள் போதவில்லையாம், கொஞ்சம் போய்ப் பார்க்கிறாயா என்றார். பொய் சொல்லமாட்டேன், என் கால் பாதி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பின்பக்கம் போகிற வழி எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

இல்லீங்க்கா, நான் முன்னாடியே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அவர் கையிலிருந்த கிண்ணத்தில் நானே விரலை வைத்துச் சந்தனம் எடுத்துக் கழுத்தில் பூசிக்கொண்டேன். உள்ளே போனேன். யாரும் என்னை நோக்கி ஓடி வரவில்லை. போட்டோ எடுக்கவில்லை. மேடையில் மாலைகளைச் சரிசெய்துகொண்டிருந்த லோகு என்னைப் பார்த்து, கையிலிருந்த மாலையைக் கீழே வைத்தான்.

இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், வயது அறுபது இருக்கும். அவருக்கு என்னைத் தெரியாது. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சிரித்தபடி, நீங்கள் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"அத்தைங்க" என்றேன்.